உரத்தின் உறையும் மக்க வேண்டும்



பினாங்கின் ஜார்ஜ் டவுனில் மாலை வேளையில் ஒரு மண்டபம் நிறைய மக்கள் உரத்தைப் பற்றிக் கேட்க வந்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. உரத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் பெரும்பாலும் எந்த உரம், எத்தனை கிலோ, என்ன விலை என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். இன்று நான் பேச வந்தது உரத்தின் மேல் போர்த்தியிருக்கும் உறையைப் பற்றி. உரத்துக்கு மூன்று உறைகள் உண்டு. முதலாவது, அது வந்து இறங்குகிற மூட்டை. இரண்டாவது, மெல்லக் கரையும் உரம் என்று நாம் சொல்கிறோமே, அந்த உரமணியின் மேல் பூசியிருக்கும் மெல்லிய தோல். மூன்றாவது, அதைத் தாங்கி வைத்திருக்கும் மண். இந்த மூன்றும் சரியாக இருந்தால் குறைந்த உரத்தில் நிறைந்த விளைச்சல் எடுக்கலாம். மூன்றில் ஒன்று பழுதானாலும் காசு தண்ணீரோடு போகும். என் பேச்சின் சாரம் இதுதான்: உரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்க உறை கட்டாயம் வேண்டும், ஆனால் வேலை முடிந்த பிறகு அந்த உறையும் மண்ணோடு மண்ணாக மக்கிவிட வேண்டும்.

பினாங்கில் விவசாயம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி, மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைக்குப் போக வேண்டும். அதன் வடபகுதியில் சுமார் 10,000 ஹெக்டேர் நெல் வயல் இருக்கிறது. நாட்டின் நெற்களஞ்சியங்கள் என்று அரசு வகுத்திருக்கும் வட்டாரங்களில் அதுவும் ஒன்று. தென்பகுதியில் செம்பனை. தீவின் மறுபக்கம் பாலிக் பூலாவில் டுரியானும் ஜாதிக்காயும் கிராம்பும் மலைச்சரிவில் நிற்கின்றன. அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்கள் கூடத் தாழ்வாரத் தொட்டியில் கறிவேப்பிலையும் வெண்டையும் வளர்க்கிறார்கள். இத்தனை பேரும் உரம் வாங்குகிறவர்கள்.

உரமே வாங்காதவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பினாங்கு மாநிலத்தின் குழாய்த் தண்ணீருக்கான ஆற்று நீரில் சுமார் 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு கெடா மாநிலத்தின் தோட்டங்களையும் வயல்களையும் கடந்துதான் நம்மிடம் வருகிறது. மேலே மண்ணில் போட்டது எதுவும் மழைக்குப் பிறகு கீழே வந்து சேரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் நம்முடையது. உரம் மண்ணில் நிற்கிறதா, ஆற்றில் ஓடுகிறதா என்பது விவசாயியின் சொந்த விவகாரமாக நின்றுவிடுவதில்லை. குழாயைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் அதில் அக்கறை இருக்க வேண்டும்.

இந்த மண்ணைப் பற்றி யோசிப்பது இன்று தொடங்கியதும் இல்லை. செபராங் பிறையில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் லோ என்பவர் 1836ஆம் ஆண்டிலேயே பினாங்கின் மண்ணையும் வேளாண்மையையும் பற்றி ஒரு தனி நூல் எழுதி வெளியிட்டார். அதற்குப் பின் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செபராங் பிறையில் பல கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. நம் முன்னோரில் பலர் நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்து இறங்கியது அந்தக் கரும்புக் காட்டுக்குத்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஒரே மண்ணில் மூன்று பெரும்பயிர்கள். ஒவ்வொன்றும் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு போனதைத் திருப்பிக் கொடுக்கிற வேலையில் தமிழர் கைகள் பட்டிருக்கின்றன. தோட்டத்தில் உரம் போடும் வேலையைப் பெரும்பாலும் பெண்கள்தான் செய்தார்கள். வாளியில் உரத்தை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு, மரத்துக்கு மரம் குனிந்து, வட்டமாக வீசிப் போட்ட அந்தத் தாய்மார்களின் உழைப்பை நினைத்துக்கொண்டே மேலே செல்கிறேன்.

அந்தக் காலத் தோட்டங்களில் மெல்லக் கரையும் உரம் ஒன்று இருந்தது. அதற்கு யாரும் அந்தப் பெயர் வைக்கவில்லை. கிறிஸ்துமஸ் தீவின் பாறை பாஸ்பேட் என்று அதைச் சொன்னார்கள். அந்தத் தீவை 1888இல் ஆங்கிலேயர் தம் வசமாக்கினர். 1897இல் அங்கே பாஸ்பேட் வெட்டி எடுக்க ஒரு கம்பெனி உருவானது. 1900இல் நம் பினாங்கைப் போலவே அந்தத் தீவும் நீரிணைக் குடியேற்றங்களில் சேர்க்கப்பட்டது. 1958இல் ஆஸ்திரேலியாவின் கைக்குப் போனது. அங்கே வெட்டிய பாறையைப் பொடி செய்து மலாயாத் தோட்டங்களில் போட்டார்கள். நம் மண் புளிப்பு மண். அந்தப் புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பாறைப் பொடியைக் கரைத்து வேருக்குக் கொடுத்தது. பிளாஸ்டிக்கும் இல்லை, ரசாயனப் பூச்சும் இல்லை. மண்ணின் குணத்தை அறிந்து பொருளைத் தேர்ந்தெடுத்ததே அங்கே வேலை செய்தது.

பாஸ்பேட் தரும் மணிச்சத்துக்கு அது போதும். நைட்ரஜன் என்னும் தழைச்சத்தின் கதை வேறு. யூரியாவை எடுத்துக்கொள்வோம். நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து. மண்ணில் விழுந்ததும் அது ஈரத்தில் கரைகிறது. மண்ணில் இருக்கும் நொதி அதை இரண்டொரு நாளில் அம்மோனியாவாக மாற்றத் தொடங்கிவிடும். மேலாக வீசிய யூரியா என்றால் அந்த அம்மோனியாவில் ஒரு பகுதி காற்றோடு போகும். மிச்சத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் தண்ணீரோடு ஓடும் குணம் உடையது. மழை அடித்தால் வேருக்குக் கீழே இறங்கிவிடும் அல்லது வாய்க்காலில் கலந்துவிடும். நீர் தேங்கிய மண்ணில் அது நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் மாறி வானத்துக்குப் போகும். நைட்ரஸ் ஆக்சைடு நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது உலகப் பருவநிலை அறிஞர் குழுவின் கணக்கு.

கடைசியில் பயிருக்குக் கிடைப்பது எவ்வளவு? உலகத் தானியப் பயிர்களை மொத்தமாகக் கணக்கிட்டு 1999இல் ரான், ஜான்சன் என்ற இரண்டு அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு 33 விழுக்காடு என்று சொன்னது. மூன்று மூட்டை வாங்கினால் ஒரு மூட்டைதான் பயிருக்கு. ஒரு மாதச் சோற்றைக் குழந்தைக்கு ஒரே நாளில் ஊட்டினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே நடக்கிறது. பயிர் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறது. நாமோ ஒரே நாளில் கொட்டுகிறோம். இந்த இடைவெளியை நிரப்பத்தான் உறை வந்தது.

முதல் உறையான மூட்டையிலிருந்து தொடங்குவோம். உரமூட்டையின் வெளிப்புறம் பாலிப்ரொப்பிலீன் இழையால் நெய்த சாக்கு. உள்ளே மெல்லிய பாலித்தீன் பை ஒன்று இருக்கும். பலர் மூட்டையைப் பிரிக்கும்போது உள்பையைக் கிழித்து எறிந்துவிட்டு வெளிச்சாக்கை மட்டும் பத்திரமாக வைப்பார்கள். உண்மையில் உரத்தைக் காப்பாற்றுவது அந்த உள்பைதான். ஒவ்வொரு உரத்துக்கும் காற்றின் ஈரப்பதத்தில் ஒரு எல்லை உண்டு. காற்று அந்த எல்லையைத் தாண்டினால் உரம் தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 30 பாகை செல்சியசில் யூரியாவுக்கு அந்த எல்லை சுமார் 72 விழுக்காடு. பினாங்கின் காற்றில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. வாயைக் கட்டாமல் விட்ட யூரியா மூட்டை நம் ஊரில் சில நாளில் கசிந்து கட்டி தட்டிப் போவதற்குக் காரணம் இதுதான். யூரியாவையும் அம்மோனியம் நைட்ரேட்டையும் ஒன்றாகக் கலந்து வைத்தால் அந்த எல்லை 18 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். கலந்த கொஞ்ச நேரத்தில் கூழாகிவிடும். கட்டி தட்டிய உரத்தைக் கட்டையால் அடித்து உடைத்துப் போடும்போது ஒரு மரத்துக்குக் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேரும். தரையில் மரப்பலகை போட்டு, சுவரிலிருந்து தள்ளி, உள்பையின் வாயை இறுகக் கட்டி வைப்பது காசு செலவில்லாத முதல் சிக்கனம்.

இரண்டாவது உறைக்கு வருகிறேன். மணிமணியாக இருக்கிற உரத்தை நீங்கள் செடிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். மஞ்சள், பழுப்பு, பச்சை என்று பல நிறங்களில் இருக்கும். இதன் வரலாறு நீளமானது. யூரியாவையும் ஃபார்மால்டிஹைடையும் இணைத்து மெல்லக் கரையும்படி செய்யும் முறைக்கு 1924இலேயே ஜெர்மனியில் காப்புரிமை வாங்கினார்கள். 1960களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் யூரியாவின் மேல் கந்தகத்தைப் பூசியது. அதே பத்தாண்டில் உரமணியின் மேல் பிசின் பூசிய ஆஸ்மோகோட் என்ற உரம் சந்தைக்கு வந்தது. பின்னர் ஜப்பானியர்கள் பாலித்தீன் குடும்பத்துப் பிளாஸ்டிக்கைப் பூசி, நெல் வயலுக்கு ஒரே முறை போட்டால் போதும் என்ற அளவுக்கு அதைக் கொண்டுபோனார்கள்.

ஒரு மணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மிளகைவிடச் சிறியது. வெளியே தோல், உள்ளே உப்பு. தோல் வழியாக ஈரம் உள்ளே புகுகிறது. உள்ளே இருக்கும் உப்பு கரைகிறது. உள்ளழுத்தம் கூடுகிறது. கரைந்த சத்து அந்தத் தோலின் நுண்ணிய துளைகள் வழியே நாள்தோறும் கொஞ்சமாகக் கசிகிறது. ஆறு மாதம் கழித்து அதே தொட்டியைக் கிளறினால் மணி அதே உருவத்தில் கிடக்கும். விரலால் நசுக்கிப் பாருங்கள், தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், வெறும் தோல் கையில் ஒட்டும். சிலர் அதை நத்தை முட்டை என்று நினைத்துப் பயந்து தொட்டி மண்ணையே கொட்டிவிடுவதுண்டு. அது சத்து தீர்ந்துபோன கூடு. நசுக்கினால் தண்ணீர் வருகிறதா, கெட்டியாக உப்பு இருக்கிறதா என்று பார்த்தே அடுத்த முறை எப்போது உரம் போடுவது என்று முடிவு செய்யலாம்.

இங்கே நம் ஊருக்கான ஒரு முக்கியமான செய்தியைச் சொல்ல வேண்டும். உறையிட்ட உரத்தின் கசிவு வேகத்தைப் பெரும்பாலும் வெப்பமே தீர்மானிக்கிறது. பொட்டலத்தில் ஐந்து ஆறு மாதம் என்று அச்சிட்டிருப்பார்கள். பல மேல்நாட்டுத் தயாரிப்புகளில் அந்தக் கணக்கு 21 பாகை செல்சியசுக்குப் போட்டது. ஜப்பானியத் தயாரிப்புகளில் 25 பாகைக்குப் போட்டது. பினாங்கின் சராசரி வெப்பமே 27, 28 பாகை. வெயிலில் நிற்கும் கறுப்புப் பைக்குள் மண் இன்னும் சூடாக இருக்கும். பல வகை உறைகளில் 10 பாகை கூடினால் கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அப்படியானால் குளிர்நாட்டில் ஆறு மாதம் தாங்குவது நம் தாழ்வாரத்தில் நாலு மாதத்திலேயே தீர்ந்துபோகும். பொட்டலத்தை நம்பி ஆறு மாதம் காத்திருக்கிறவரின் செடி கடைசி இரண்டு மாதம் பட்டினி கிடக்கும். ஆகவே பொட்டலத்தின் முகப்பில் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் வெப்ப அளவைத் தேடிப் படியுங்கள். அந்த அளவே அச்சிடாத பொட்டலம் என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

இந்த உரத்தால் பயன் இல்லையா என்றால், நிச்சயமாக இருக்கிறது. செம்பனை நாற்றுப் பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். பெரிய கறுப்புப் பைகளில் கன்றுகள் ஏறத்தாழ ஒரு வருடம் நிற்கும். சாதாரணக் கலப்பு உரம் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பையிலும் குனிந்து போட வேண்டும். ஆயிரக்கணக்கான பைகள். உரம் தண்டில் பட்டால் கருகும். பழக்கமில்லாத ஆளை வைத்து அளவு தவறினாலும் கன்று கெடும். உறையிட்ட உரத்தை ஒன்றிரண்டு முறை வேர்ப்பக்கம் புதைத்து வைத்தால் அந்தச் சுற்றுகள் பெருமளவு குறையும். ஆள் கிடைக்காத காலத்தில் அது பெரிய உதவி. குனிந்து குனிந்து முதுகு ஒடிந்தவர்களின் பாரமும் குறைகிறது. இத்தகைய இடத்தில் அந்த உரத்தின் கூடுதல் விலை நியாயமானதே.

இனி அந்தக் கூட்டைப் பற்றிப் பேசுவோம். சத்து போன பிறகு அந்தத் தோல் எங்கே போகிறது? பிளாஸ்டிக் உறை என்றால் எங்கும் போகாது. நொறுங்கி நுண்பிளாஸ்டிக்காக மண்ணிலேயே கிடக்கும். நெல் வயல் என்றால் மிதக்கும். வயலை உழுது தண்ணீர் வடிக்கும்போது வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும். ஜப்பானில் இதுதான் நடந்தது. கடற்கரை மணலில் உரக்கூடுகள் குவிந்தன. ஒருமுறை போட்டால் போதும் என்று கொண்டாடிய அதே உரத்தைப் பற்றி 2022ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டு விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பான ஜென்னோவும் உரத் தொழில் சங்கங்களும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. 2030ஆம் ஆண்டுக்குள் பிளாஸ்டிக் உறையைச் சாராத விவசாயத்துக்கு மாறுவது அவர்களின் இலக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டில் உரத்தின் பிளாஸ்டிக் உறையும் அடங்கும். உரத் தொழிலுக்கு 2028 அக்டோபர் வரை அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மக்காத உறைக்கு அங்கே இடமில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நாட்டில் தடை வந்தால் அந்தச் சரக்கு தடையில்லாத நாட்டைத் தேடி வரும். செபராங் பிறை வயல்களின் வடிகால் நேரே கடலுக்குப் போகிறது. அந்தக் கடலில்தான் நம் மீனவர்கள் வலை வீசுகிறார்கள். ஜப்பான் படித்த பாடத்தை நாமும் அதே விலை கொடுத்துப் படிக்க வேண்டிய அவசியமில்லை.

அப்படியானால் வழி என்ன? மக்கும் உறைகள் உண்டா என்றால், உண்டு. அவற்றில் சில நம் மக்களுக்கு நெருக்கமானவை.

முதலில் வேம்பு. தமிழ்நாட்டு விவசாயிக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நீண்ட நாளாகச் சொல்லிவரும் ஒரு முறை இருக்கிறது. ஐந்து பங்கு யூரியா, நாலு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம் புண்ணாக்கு. மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் நெல்லுக்கு இட வேண்டும். புண்ணாக்கு இடித்துத் தூளாக்கியதாக இருக்க வேண்டும், கட்டியாக இருந்தால் யூரியாவில் ஒட்டாது. வேம்பில் இருக்கும் கசப்புப் பொருள்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களின் வேகத்தைத் தணிக்கின்றன. சத்து மண்ணில் கொஞ்ச நாள் கூடுதலாகத் தங்குகிறது. புண்ணாக்கு தானும் மக்கி உரமாகிறது.

இந்த அறிவை இந்திய அரசு நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. 2015ஆம் ஆண்டில் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் வேப்ப எண்ணெய் பூச வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அதற்குத் தேவையான எண்ணெயின் அளவைக் கேட்டால் வியப்பாக இருக்கும். பத்து லட்சத்தில் 350 பங்கு. ஒரு டன் யூரியாவுக்கு அரைக் கிலோகூட வேண்டாம். 2018இல் யூரியா மூட்டையின் எடையை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைத்தார்கள். ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்றே கணக்கிட்டுப் பழகிய விவசாயி, அதே எண்ணிக்கையில் போட்டாலும் உரம் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது அதன் நோக்கம். 2023இல் கந்தகம் பூசிய யூரியாவையும் அறிமுகம் செய்தார்கள். கந்தகத்தை மண்ணின் நுண்ணுயிர்கள் மெல்ல மாற்றிப் பயிருக்கே சத்தாக்கிவிடும்.

வேம்புக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அது நைட்ரேட் ஆவதைத் தாமதப்படுத்தும். தேங்கிய தண்ணீரில் மேலாக வீசிய யூரியா அம்மோனியாவாகக் காற்றில் போவதை அது தடுக்காது. அதற்கு யூரியா சேற்றுக்குள் போக வேண்டும். வங்காளதேசத்து விவசாயிகள் இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாள்கிறார்கள். யூரியாவை அழுத்திக் குளிகையாக்குகிறார்கள். குட்டி யூரியா என்று அதை அவர்கள் அழைக்கிறார்கள். ஒரு குளிகை 1.8 கிராம் அல்லது 2.7 கிராம். நட்ட நெல்லில் நாலு குத்துக்கு நடுவே ஒரு குளிகையை 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அழுத்திவிடுகிறார்கள். அத்தனை ஆழத்தில் காற்று இல்லை. அம்மோனியம் அங்கேயே நிற்கிறது. வேர் தேடி வந்து எடுத்துக்கொள்கிறது. யூரியா செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. அங்கே சேறுதான் உறை. செபராங் பிறையில் பெரும்பாலும் நேரடி விதைப்பு. வரிசை நடவு இல்லாத வயலில் கையால் குளிகை புதைப்பது கடினம். இயந்திரத்தால் வரிசையாக நடும் வயல்களில் அதை முயன்று பார்க்க வேண்டும் என்று வேளாண் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, நம் பால்மரம். நம் தாத்தா பாட்டி விடியற்காலையில் எழுந்து சீவிய கித்தா என்னும் ரப்பர் மரத்தின் பாலை யூரியாவின் உறையாக்கும் ஆய்வுகள் 1980களிலிருந்தே நடந்துவருகின்றன. இயற்கை ரப்பர் மண்ணில் நுண்ணுயிர்களால் மெல்லச் சிதையக்கூடியது. மாவுப்பொருள், மரத்தின் லிக்னின், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் ஆகியவற்றைக் கொண்டும் உறை செய்து பார்க்கிறார்கள். ரப்பரும் செம்பனை நாரும் இறால் ஓடும் நிறைந்த நாடு மலேசியா. பக்கத்திலேயே கெடாவின் குரூணில் பெட்ரோனாஸின் யூரியா ஆலை 1999 முதல் இயங்குகிறது. மூலப்பொருளும் யூரியாவும் பல்கலைக்கழகங்களும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கும்போது, மக்கும் உறை இங்கேதான் உருவாக வேண்டும். இது இளைஞர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள். வேதியியல் படிக்கிற பிள்ளைகள், பொறியியல் படிக்கிற பிள்ளைகள் இந்தத் துறையைத் திரும்பிப் பாருங்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது உறையான மண். இதை மறந்துவிட்டு மற்ற இரண்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மண்ணில் மக்கு இருந்தால் அது சத்தைப் பிடித்து வைத்து வேண்டும்போது கொடுக்கும். மக்கு இல்லாத மணலில் எந்த உறையும் பாதி வேலைதான் செய்யும். பழம் உதிர்த்த பின் செம்பனை ஆலையிலிருந்து வரும் வெறுங்குலை ஒரு டன்னில் ஏறத்தாழ 7 கிலோ யூரியாவுக்கும் 19 கிலோ பொட்டாஷ் உரத்துக்கும் சமமான சத்து இருக்கிறது. மலேசியா தனக்கு வேண்டிய பொட்டாஷ் அத்தனையையும் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அதே பொட்டாஷ் வெறுங்குலையாக ஆலை வாசலில் குவிகிறது. அதை மரத்தடியில் பரப்பினால் ஈரமும் நிற்கும், மண் அரிப்பும் குறையும், சத்தும் மெல்ல இறங்கும். இந்தியாவின் வடகிழக்கைத் தாயகமாகக் கொண்ட முக்குணா பிராக்டியேட்டா என்ற மூடுபயிர்க் கொடி, கேரள ரப்பர்த் தோட்டங்கள் வழியாக 1991இல் மலேசியாவுக்கு வந்தது. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து, இலையாக உதிர்த்து, மண்ணை மூடி வைக்கும் அந்தக் கொடியைச் செம்பனைத் தோட்டங்களில் இன்று எங்கும் பார்க்கலாம்.

மண்ணைப் பேண வேண்டும் என்பதை நம் ஊரில் இடைவிடாமல் சொல்லி வந்தது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். 1969இல் தொடங்கிய அந்தச் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள், ரசாயனத்தைக் குறைத்து மண்ணை வளர்க்க வேண்டும் என்று மேடைதோறும் பேசினார். சமையலறைக் கழிவை மக்க வைப்பதையும் வீட்டுத் தோட்டம் போடுவதையும் சங்கம் மக்களுக்குக் கற்றுக் கொடுத்தது. அந்தப் பணியின் தொடர்ச்சியாகவே இந்தப் பேச்சையும் கருதுகிறேன்.

கேட்டுவிட்டுப் போவதோடு நில்லாமல் நாளைக் காலையிலேயே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் முதலில் மண்ணில் மக்கு உரம் சேருங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் மட்டும் உறையிட்ட உரம் வாங்குங்கள். பெயரோ விவரமோ இல்லாமல் சிறு பிளாஸ்டிக் பையில் கட்டி விற்கும் வண்ண மணிகளை வாங்காதீர்கள். எத்தனை மாதம், எந்த வெப்பத்தில், என்ன உறை என்ற மூன்று விவரமும் இருக்க வேண்டும். மணிகளை நசுக்காதீர்கள், உறை உடைந்தால் அத்தனை உப்பும் ஒரே நாளில் வேரைச் சுடும். ஈர மண்ணில் கலந்து மாதக்கணக்கில் மூட்டை கட்டி வைக்காதீர்கள், செடி நடுவதற்கு முன்பே கசியத் தொடங்கிவிடும்.

பாலிக் பூலாவின் சரிவில் பழமரம் வைத்திருப்பவர்கள் எந்த உரத்தையும் மேலாக வீச வேண்டாம். ஒரு பெருமழையில் அது அடுத்தவர் தோட்டத்துக்கு உருண்டுபோகும். மரத்தின் கிளை நுனிக்கு நேர்கீழே, மேட்டுப் பக்கமாக, சிறு சிறு குழிகள் எடுத்துப் போட்டு மண்ணால் மூடி, மேலே சருகு பரப்புங்கள். ஒரே தடவையில் போடுவதைவிடப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள்.

நெல் விவசாயிகள் பிளாஸ்டிக் உறையிட்ட உரத்தை வயலுக்குக் கொண்டுவராதீர்கள். வேம்பு, கந்தகம் போன்ற மக்கும் அல்லது கரையும் பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். உரம் போட்ட அன்றும் அடுத்த சில நாளும் வயல் தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள். காலியான உரச்சாக்கை வெயிலில் நிலப்போர்வையாக விரிக்காதீர்கள். அந்த இழை வெயிலில் நைந்து தூளாகி அதுவும் மண்ணில் சேரும்.

கடைசியாக அரசுக்கும் விற்பனையாளர்களுக்கும் ஒரு கோரிக்கை. 2009இல் இலவச பிளாஸ்டிக் பை வேண்டாம் என்ற இயக்கத்தை முதலில் தொடங்கிய மாநிலம் பினாங்கு. 2011 ஜனவரி முதல் அதை வாரத்தின் எல்லா நாளுக்கும் விரிவாக்கியது. மக்கள் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு துணிப்பையோடு கடைக்குப் போகப் பழகிக்கொண்டார்கள். கடையில் கையில் வாங்கும் பையைக் கணக்கெடுத்த அதே மாநிலம், மண்ணுக்குள் நாம் கைநிறைய அள்ளிப் போடுகிற பிளாஸ்டிக்கையும் கணக்கெடுக்க வேண்டும். இங்கே விற்கும் ஒவ்வோர் உறையிட்ட உரத்தின் பொட்டலத்திலும் உறை எதனால் ஆனது, அது மக்குமா, நம் ஊர் வெப்பத்தில் எத்தனை மாதம் வரும் என்ற விவரங்கள் மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். அந்தக் கோரிக்கையை முதலில் வைக்க வேண்டியவர்கள் இந்த மண்ணில் மூன்று பயிர்களுக்கு உரம் போட்ட நாம்தான். அடுத்த முறை உரம் வாங்கும்போது உறை மக்குமா என்று கடைக்காரரிடம் தவறாமல் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். ஊரே கேட்டால் தயாரிப்பாளர் பதில் சொல்லியாக வேண்டும்.